அம்மா, மலைக்கோட்டை, பன்னெண்டு கிலோ அரிசி

"ஆளையே காணோமே"ன்னு விசாரிச்ச ரெண்டு பேருக்கும் (ஆமாங்க, ரெண்டே ரெண்டு பேர்தான்!) ரொம்ப நன்றி. நல்லாத்தான் இருக்கேன். வேலை இருக்கு. ஊர் சுத்தினேன். வெயிட் தூக்கறேன். இந்த மூணும் தனித்தனி சமாச்சாரம்னுதான் தோணும். ஆனா அக்டோபர்லேருந்து பொங்கல் வரைக்கும் ஸ்ரீரங்கத்துல இருந்ததுல மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சு. கொஞ்சம் நீளமான புராணம். காபியோட உக்காந்துக்கோங்க.

முதல்ல வேலை. சென்னையில ஒரு கம்பெனிக்குக் கணக்கு வழக்கு பாக்கறது என் பொழப்பு. ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரம் நாற்காலி. மாசக் கடைசின்னா பன்னெண்டு. கொரோனாவுக்கு அப்புறம் ரெண்டு நாள் ஆபீஸ், மூணு நாள் வீடுன்னு ஆயிடுச்சு. செப்டம்பர்ல மேனேஜர் முன்னாடி போய் நின்னு, "மூணரை மாசம் ஸ்ரீரங்கத்துலேருந்து வேலை பாக்கறேன், மாசத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் வந்து தலையைக் காட்டிட்டுப் போறேன்"னு கேட்டேன். நல்ல மனுஷர், சரின்னுட்டாரு. ஆனா எனக்கு வரவேண்டிய டீம் லீட் பதவி பக்கத்து சீட்டுக்குப் போயிடுச்சு. போகும்னு தெரிஞ்சேதான் கேட்டேன்.

எதுக்குக் கேட்டேன்னா, அம்மாவுக்காக. அம்மாவுக்கு எழுபத்திரெண்டு வயசு. அப்பா போனப்புறம் மூணு வருஷமா அடையவளஞ்சான் வீதி வீட்டுல தனியாத்தான் இருக்காங்க. ஆகஸ்ட்ல ஒரு நாள் காலையில கொல்லையில துணி துவைக்கப் போன இடத்துல வழுக்கி உக்காந்துட்டாங்க. எலும்பு எதுவும் ஒடையலை. பெரிய அடியும் இல்லை. ஆனா எழுந்திருக்க முடியலை. பூக்காரம்மா வந்து குரல் குடுக்கற வரைக்கும் நாப்பது நிமிஷம் ஈரத் தரையிலயே உக்காந்திருக்காங்க.

அந்த நாப்பது நிமிஷம்தான் எங்க எல்லாரையும் கலக்கிடுச்சு. சிங்கப்பூர்லேருந்து தம்பி, சென்னையிலேருந்து நான், வீடியோவுல குடும்ப மாநாடு. "அக்கா, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அம்மாவை உன்கூடக் கூட்டிட்டுப் போயிடு. செலவு என்னோடது"ன்னு தம்பி சொன்னான். அவன் சொன்னதுல தப்பே இல்லை. அவ்வளவு தூரத்துல இருக்கறவனுக்கு வேற என்ன தோணும்? வயசானவங்க விழறது சின்ன விஷயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி உலகம் பூரா வருஷத்துக்கு 6,84,000 பேர் விழுந்ததால சாகறாங்க. அதுல அறுபதைத் தாண்டினவங்கதான் அதிகம்.

அம்மா மட்டும் ஒரே பிடிவாதம். "மூணாவது மாடியில, பக்கத்து வீட்டுக்காரி பேரு கூடத் தெரியாத ஊர்ல, டிவி முன்னாடி உக்கார வெச்சுடுவீங்க. எனக்கு வேணாம்." எங்க வீட்டு மொட்டை மாடியிலேருந்து பாத்தா ராஜகோபுரம் முழுசாத் தெரியும். காலையில அதைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாத்தான் அம்மாவுக்கு அன்னிக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி.

கடைசியில ஒரு ஒப்பந்தம் ஆச்சு. பொங்கல் வரைக்கும் டைம். ரெண்டு பரீட்சை. ஒண்ணு நான் வெச்சது: தரையில உக்காந்து, யாரு கையையும் பிடிக்காம எழுந்திருக்கணும். இன்னொண்ணு அம்மாவே கேட்டு வாங்கிக்கிட்டது: மலைக்கோட்டையில தாயுமானவர் சன்னதி வரைக்கும் ஏறணும். அப்பாவோட வருஷா வருஷம் ஏறிக்கிட்டிருந்த மலை. ஆறு வருஷமா அடிவாரத்து மாணிக்க விநாயகரோட திரும்பிக்கிட்டிருந்தாங்க.

டாக்டர்கிட்ட போனோம். மூட்டுத் தேய்மானம் வயசுக்கு உள்ளதுதான், பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு, தொடையிலதான் சதையே இல்லைன்னு சொன்னாரு. "தினம் கோவிலுக்கு நடக்கறேனே டாக்டர்"ன்னாங்க அம்மா. "நடங்க, நல்லது. ஆனா நடந்தா மட்டும் தொடைக்கு வலு வராதும்மா, அதுக்குப் பளு வேணும்"னாரு. எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருந்துச்சு. ரெண்டு வருஷமா வீட்டுல இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப் போச்சு.

இங்க என்னோட இரும்புக் கதையைச் சொல்லிடறேன். நாப்பத்திநாலு வயசுல இடுப்பு வலின்னு ஆரம்பிச்சேன். தெருமுனை ஜிம்முல போய் நின்னா, அங்க இருந்த பையன் ரோஸ் கலர்ல ரெண்டு குட்டி டம்பெல்லை எடுத்துக் குடுத்து, "அக்கா, உங்களுக்கு இது போதும், மிச்ச நேரம் டிரெட்மில்ல நடங்க"ன்னான். அடுத்த தெருவுல வேற ஜிம் பாத்துக்கிட்டேன். இப்ப தரையிலேருந்து அறுபது கிலோ தூக்கறேன். (ரங்கமணியோட எடை எழுபத்தெட்டு. "அதுக்கு எப்ப வருவே?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. வரேன் வரேன்.) ஆள் பாக்க அப்படியேதான் இருக்கேன், கை ஒண்ணும் பயில்வான் மாதிரி ஆகலை. இடுப்பு வலி போச்சு. காஸ் சிலிண்டரை நகர்த்த யாரையும் கூப்பிடறதில்லை.

விஷயம் என்னன்னா, முப்பது வயசு தாண்டினதுலேருந்து பத்து வருஷத்துக்கு மூணுலேருந்து எட்டு சதவீதம் வரைக்கும் தசை கரைஞ்சுக்கிட்டே போகும். அறுபதுக்கு மேல இன்னும் வேகமா. எடை மெஷின்ல இது தெரியாது. ஏன்னா தசை போன எடத்துல கொழுப்பு வந்து குந்திக்கும். நாற்காலியிலேருந்து கையை ஊணி எழுந்திருக்க ஆரம்பிக்கறப்பதான் தெரியும். ஆனா இதுல ஒரு நல்ல சேதியும் இருக்கு. 1990ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. முதியோர் இல்லத்துல இருந்த, தொண்ணூறு வயசை ஒட்டின பத்துப் பேரு. எட்டு வாரம் காலுக்குப் பளுப் பயிற்சி. ஒம்பது பேர் முழுசா முடிச்சாங்க. அவங்க கால் வலு சராசரியா 174 சதவீதம் கூடியிருந்துச்சு. அதாவது முன்னாடி இருந்ததைப் போல ரெண்டே முக்கால் மடங்கு. தொண்ணூறுல முடியும்னா எழுபத்திரெண்டு எந்த மூலைக்கு?

இதை அம்மாகிட்ட சொன்னா, "வெள்ளைக்காரங்க பாலும் மாமிசமும் சாப்பிட்டு வளந்தவங்கடி"ன்னு ஒரே போடு. அறிவியல் எடுபடலை. வேற வழியில்லாம நம்பெருமாளையே இழுத்தேன். ஸ்ரீரங்கம்னா நடையழகுன்னு ஊரே சொல்லும். ஏகாதசி சமயத்துல பெருமாள் மூலஸ்தானத்துலேருந்து சிம்ம கதியில வெளிய வர்ற அழகைப் பாக்க அம்மா எத்தனை வருஷம் விடியக்காலம் குளிர்ல நின்னிருக்காங்க! "அந்த நடை யாரோடதும்மா? தோளுக்கினியானைத் தோள்ல வெச்சுக்கிட்டு, சிங்கம் மாதிரி, பாம்பு மாதிரி, அத்தனை பேரும் ஒரே தாளத்துல கால் வைக்கறாங்களே ஸ்ரீபாதம் தாங்கிகள், அவங்க தொடை வலு இல்லேன்னா பெருமாளுக்கு ஏது நடையழகு?"ன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "சரி, என்னதான் பண்ணணும் சொல்லு"ன்னாங்க. பெருமாளே, சரணம்!

மொதல்ல ஒரு டெஸ்ட். கை வைக்காத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, ரெண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு, முப்பது செகண்டுல எத்தனை தடவை முழுசா எழுந்து உக்காரமுடியுதுன்னு எண்ணணும். அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையம் இதை வெச்சுத்தான் யாருக்கு விழற அபாயம் இருக்குன்னு பாக்கச் சொல்லுது. எழுபதுலேருந்து எழுபத்திநாலு வயசு வரைக்கும் உள்ள பெண்களுக்குப் பத்துக்குக் கீழ இருந்தா வலு சராசரிக்குக் குறைவுன்னு அர்த்தம். ஆண்களுக்குப் பன்னெண்டு. நீங்களும் வீட்டுப் பெரியவங்களுக்குப் பண்ணிப் பாக்கலாம், பக்கத்துல ஒருத்தர் நின்னுக்கணும்.

அம்மா எடுத்த மார்க் ஆறு.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன். "அந்தக் காலத்துல பொம்பளைங்க ஆட்டுக்கல்லுல மாவாட்டி, அம்மியில அரைச்சு, கெணத்துல தண்ணி சேந்தி எப்படி இருந்தாங்க தெரியுமா, இப்ப ஜிம்முக்குக் காசு அழுவறீங்க"ன்னு ஒரு வசனம் எல்லார் வீட்டுலயும் ஓடும். எங்க வீட்டுல அதை ஓட்டறது எதிர்வீட்டுப் பெரியப்பா. நான் எங்க அப்பாயியை நெனச்சுப்பேன். அப்பாயி தூக்காத பளுவா? இடுப்புல ஒரு குடம், கையில ஒரு குடம், ஒரு நாளைக்கு எத்தனை நடை! ஒரு குடம் பன்னெண்டு லிட்டர்னா பன்னெண்டு கிலோ. அப்படித் தூக்கின அப்பாயிக்கு அறுபது வயசுல கூன் விழுந்துடுச்சு. எழுபதுல சுவரைப் பிடிச்சுத்தான் நடந்தாங்க.

ஏன்? உடம்பு வலுவாகறது தூக்கற நேரத்துல இல்லை. தூக்கினப்புறம் சாப்பிட்டு, தூங்கி, ஓய்வெடுக்கறப்பதான் தசை தன்னைச் சரி பண்ணிக்கிட்டு முன்னைவிடக் கெட்டியாகுது. அப்பாயிக்குப் பளு மட்டும்தான் கெடைச்சுது. ஓய்வு கெடைக்கலை. எல்லாரும் சாப்பிட்டு மீந்த குழம்பும் மோரும்தான் சாப்பாடு. பிரசவம் ஆகிக் கொஞ்ச நாள்லயே திரும்பக் குடம். எப்பவும் அதே இடுப்புப் பக்கம், ஒரு பக்கமாவே சாஞ்சு. அதுக்குப் பேரு உழைப்பு, பயிற்சி இல்லை. அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில ஃபிட்டரா இருந்தவரு. 1928ல நாகப்பட்டினத்துலேருந்து இங்க மாத்தின பட்டறை அது. அப்பாவுக்குத் தோள் இரும்பு மாதிரி இருந்துச்சு, முழங்கால் அம்பதுலயே போயிடுச்சு. வேலை நம்ம உடம்பைக் கேட்டுக்கிட்டுப் பளு குடுக்காது. அதனாலதான் தனியாப் பயிற்சி வேணும்கறேன்: தாங்கற அளவுக்கு ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, நடுவுல ஓய்வு குடுத்து.

ஆக, அக்டோபர் முதல் வாரம் நான் பல்லவன்ல வந்து எறங்கினேன். (பஸ்ல வந்தா 2025 ஜூலையிலேருந்து பஞ்சப்பூர்ல எறக்கி விட்டுடறாங்க. அங்கேருந்து ஸ்ரீரங்கம் இன்னொரு பயணம். பல்லவன் ஸ்ரீரங்கத்துலயே நிக்குது.) கூடத்துல அப்பாவோட பழைய மேசைதான் என் ஆபீஸ். செவ்வாயும் சனியும் சாயங்காலம் அம்மாவுக்குப் பயிற்சி. ரெண்டு நாள், ஒவ்வொண்ணும் முப்பத்தஞ்சு நிமிஷம். அவ்வளவுதான். மொத வாரம் ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுத்தாங்க.

சாமான் எல்லாம் வீட்டுலயே இருந்துச்சு. நாற்காலியில உக்காந்து எழற உக்கி. சுவத்துல கை வெச்சுத் தண்டால். வாசப்படியில ஒரு கால் வெச்சு ஏறி எறங்கறது. மஞ்சப்பையில அரிசியைப் போட்டு, முதுகை வளைக்காம இடுப்பை மட்டும் பின்னாடி தள்ளிக் குனிஞ்சு தூக்கறது. அதை ரெண்டு கையிலயும் எடுத்துக்கிட்டு வாசல்லேருந்து கொல்லை வரைக்கும் நடக்கறது. கடைசியா, பாயில படுத்து ஒருக்களிச்சு, கையை ஊணி மண்டி போட்டு, ஒரு காலை முன்னாடி வெச்சு எழுந்திருக்கறது. இந்தக் கடைசி ஒண்ணை மொத வாரம் அம்மாவால சுத்தமா முடியலை. பக்கத்துல முக்காலி போட்டு, அதைப் பிடிச்சு எழுந்தாங்க. எழுந்ததும் முக்காலியை ஒரு மொறை மொறைச்சாங்க பாருங்க!

அரிசி மொத வாரம் ரெண்டு கையிலயும் சேத்து ரெண்டு கிலோ. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ஏத்தினோம். நாலு, அஞ்சு, ஏழு... "பளுவை ஏத்தாம அதையே செஞ்சா என்ன?"ன்னு அம்மா கேட்டாங்க. உடம்பு ரொம்ப சிக்கனக்காரி அம்மா, தேவைப்படாத தசையை வெச்சுச் சோறு போடமாட்டா, நாமதான் தேவை இருக்குன்னு நெனப்புமூட்டிக்கிட்டே இருக்கணும்னேன். அது அவங்களுக்குப் பிடிச்சிருச்சு. மொத மாசம் வேகமா முன்னேத்தம் தெரியும். அது தசை வளந்ததால இல்லை, இருக்கற தசையை முழுசா வேலை வாங்க நரம்பு கத்துக்கறதால. தசை நிதானமாத்தான் வரும்.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். அப்பா போனதும் அம்மா கவுச்சியை விட்டுட்டாங்க, முட்டையும் கிடையாது. ராத்திரிக்கு ரெண்டு இட்லி, சட்னி. வயசானவங்களுக்கு எடையில ஒரு கிலோவுக்கு ஒரு கிராம்லேருந்து 1.2 கிராம் வரைக்கும் புரதம் வேணும்னு 2013ல நிபுணர் குழு ஒண்ணு சொல்லியிருக்கு. அம்மா எடை அம்பத்தாறு. கூட்டிக் கழிச்சுப் பாத்தா அவங்க சாப்பிட்டதுல பாதிகூட வரலை. பவுடர் வாங்கிக் குடுத்தேன், மோந்து பாத்துட்டு, "நீயே குடி"ன்னுட்டாங்க. அப்புறம் அவங்களே வழி கண்டுபிடிச்சாங்க. நவராத்திரி முடிஞ்சப்புறமும் சாயங்காலம் தினம் சுண்டல். மத்தியானம் பருப்பு ரெண்டு கரண்டி கூட. காலையில கெட்டித் தயிர். வாரம் ரெண்டு நாள் பன்னீர். "மாசம் நூறு நாள் நவராத்திரி உங்க வீட்டுல"ன்னு பூக்காரம்மா கிண்டல்.

எதையும் எழுதி வைக்கறது அம்மாவோட பழக்கம். மாசக் காலண்டர்ல பால் கணக்குக்குக் கீழயே பென்சில்ல எழுதினாங்க: "பால் 1, தயிர் அரை, உக்கி 24, அரிசி 7." நான் கணக்குப் பாக்கற பொழப்புக்குப் போனது எந்த வழியில வந்த புத்தின்னு இப்பப் புரிஞ்சிருக்குமே :-)

நவம்பர்ல மழை, ஒரு வாரம் ஜுரம், ரெண்டு சனிக்கிழமை போச்சு. டிசம்பர் ஆரம்பத்துல ஒரு நாள் ஒண்ணாம் நம்பர் பஸ்ல ஏறினோம். டவுன் பஸ்ல பெண்களுக்கு 2021லேருந்து டிக்கெட் கிடையாது. ஆனா பஸ் படிக்கட்டோட உயரம் அப்படியேதானே இருக்கு. காசில்லாத பயணமா இருந்தும் அந்தப் படிக்குப் பயந்தே அம்மா ரெண்டு வருஷமா ஆட்டோவுக்கு அழுதுக்கிட்டிருந்தாங்க. அன்னிக்குக் கம்பியைப் பிடிச்சு, ஒரே மூச்சுல ஏறி, ஜன்னலோரத்துல போய் உக்காந்துட்டாங்க. நான்தான் பின்னாடி கூட்டத்துல மாட்டிக்கிட்டேன்.

திருவானைக்கோவிலுக்குப் போனோம். ஜம்புகேஸ்வரர் கருவறை வாசல் எவ்வளவு தாழ்வுன்னு போனவங்களுக்குத் தெரியும். யானை நுழையமுடியாதபடி கோச்செங்கட் சோழன் கட்டினதாச் சொல்லுவாங்க. நல்லாக் குனிஞ்சுதான் நுழையணும். முன்னாடியெல்லாம் அம்மா வெளியிலேருந்தே கும்பிட்டுட்டு வந்துடுவாங்க. இப்ப இடுப்பைப் பின்னாடி தள்ளி, முழங்காலை மடக்கி, முதுகு நேரா... அரிசிப் பை தூக்கற அதே குனியல்! உள்ள போய்ட்டு வந்து, "அங்க தூக்க அரிசிதான் இல்லை"ன்னாங்க. கோவில்ல அப்படிச் சிரிக்கக்கூடாதுதான்.

பொங்கலுக்கு எல்லாரும் வந்து சேந்தாங்க. ரங்கமணியும் பையனும் சென்னையிலேருந்து ரயில்ல. தம்பி குடும்பம் விமானத்துல. திருச்சி ஏர்போர்ட்டுல 2024 ஜூன்லேருந்து புது டெர்மினல், கோபுரம் மாதிரி கலர் கலரா முகப்பு. தம்பி பொண்ணு அதைப் பாத்துட்டு, "இதுதான் ஸ்ரீரங்கம் கோவிலா?"ன்னு கேட்டாளாம். நிஜக் கோபுரத்தைக் காட்டினப்புறம் அரை மணி நேரம் வாயே தொறக்கலை. பதிமூணு நிலை, 236 அடி. 1987 மார்ச்ல அந்தக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தப்ப எனக்கு ஏழு வயசு, தம்பிக்கு மூணு. கூட்டத்துல அவனை இடுப்புலேருந்து எறக்காம, என்னை இன்னொரு கையில பிடிச்சுக்கிட்டு அம்மா நின்ன கதையைத் தம்பி பொண்ணுக்குச் சொன்னாங்க.

கனுப் பொங்கலுக்கு மறுநாள் மலைக்கோட்டை. வெயில் ஏறறதுக்கு முன்னாடி போயிடணும்னு ஏழு மணிக்கே கெளம்பி மெயின்கார்டு கேட்டுல எறங்கினோம். பாறையோட உயரம் 83 மீட்டர். உச்சி வரைக்கும் நானூத்துச் சொச்சம் படி. தாயுமானவர் நடுவுல. பையன் அம்மாச்சி பக்கத்துலயே படி எண்ணிக்கிட்டு வந்தான். ரங்கமணி, "அத்தை, மெதுவா, மெதுவா"ன்னுக்கிட்டே பின்னாடி. அவருக்குத்தான் மூச்சு வாங்குச்சு, மெதுவாப் போகச் சொன்னது யாருக்குன்னு புரிஞ்சுது. அம்மா நாலு இடத்துல நின்னாங்க. நிக்கறப்ப யாரும் பேசலை. தம்பி மட்டும் கையை நீட்டறதும் இழுத்துக்கறதுமா இருந்தான். முப்பத்தஞ்சு நிமிஷத்துல தாயுமானவர் வாசல்.

உச்சிப் பிள்ளையார் வரைக்கும் போலாமான்னு பையன் கேட்டான். "இந்த வருஷத்துக்கு இது போதும்"னுட்டாங்க அம்மா. எறங்கறப்ப முழங்காலுக்கு ஏறறதைவிட அதிகமா வேலை இருக்கு, அதுக்கு மிச்சம் வைக்கணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. மத்தவங்க மேல போனாங்க. போறப்ப பையனுக்கு ரங்கமணி கதை சொல்றாரு: விபீஷணன் ரங்கநாதரை இலங்கைக்குத் தூக்கிட்டுப் போனப்ப, சின்னப் பையனா வந்த பிள்ளையார்கிட்ட குடுத்தாராம். அவரு கீழ வெச்சுட்டாராம். அப்புறம் அசைக்கவே முடியலையாம். கோவத்துல துரத்திக்கிட்டு வந்து இந்த மலை உச்சியிலதான் பிள்ளையார் நெத்தியில குட்டினாராம். "அப்ப, விபீஷணனுக்கு டெட்லிஃப்ட் ஃபெயில்"னான் பையன். அவன் என் புள்ளை!

நானும் அம்மாவும் மண்டபத்துல உக்காந்தோம். தரையிலதான். காவிரியில வெள்ளம் வந்து அம்மாக்காரி அக்கரையிலயே மாட்டிக்கிட்டப்ப, பிரசவ வலியில துடிச்ச பொண்ணுக்குத் தாயா வந்து நின்னவர்னு இந்தச் சாமிக்குக் கதை. அம்மா அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. வேற கேட்டாங்க. "அந்த டீம் லீட் வேலை போயிடுச்சாமே? மாப்பிள்ளை சொன்னாரு."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா."

"அடுத்த வருஷம் எனக்கு எழுபத்திமூணு. அதுக்கப்புறம் எழுபத்திநாலு. நீ எத்தனை தடவை இப்படி வந்து உக்காரமுடியும்? இந்த உக்கி போட்டா நான் சாகாம இருந்துடுவேனா?"

இல்லைன்னேன். என்னிக்காவது ஒரு நாள் சென்னைக்கு வரவேண்டி வரலாம்னும் சொன்னேன். தெரியும்னாங்க. "வரப்ப நானா நடந்து வந்து ரயில்ல ஏறணும். நீங்க ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போகக்கூடாது. அதுக்குத்தான் இதெல்லாம்." சொல்லிட்டு ஒரு கையை மட்டும் தன் முழங்கால்ல ஊணி, தரையிலேருந்து எழுந்து நின்னு புடவையைத் தட்டி விட்டுக்கிட்டாங்க. எங்க ஒப்பந்தத்தோட மொத பரீட்சை அங்கயே முடிஞ்சு போச்சு. தம்பிதான் பாக்கலை.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல தம்பி முன்னாடி திரும்பவும் எல்லாம் அரங்கேற்றம். நாற்காலி டெஸ்ட்டுல பதினொண்ணு. கையில ரெண்டு மஞ்சப்பை, பைக்கு ஆறு கிலோ, ஆக மொத்தம் பன்னெண்டு, வாசல்லேருந்து கொல்லைக்கு. தம்பி பையை வாங்கித் தூக்கிப் பாத்தான். "கும்பாபிஷேகத்தப்ப நீ இருந்த வெயிட்டுடா"ன்னாங்க அம்மா. அவன் பையைக் கீழ வெச்சுட்டு உள்ள போயிட்டான். ராத்திரி, "இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்க்கா"ன்னு மட்டும் சொன்னான்.

ஆனா சும்மா விடலை. குளியலறையிலயும் கொல்லையிலயும் சுவத்துல பிடி கம்பி வெச்சாச்சு. துவைக்கற இடத்துல வழுக்காத தரை. வீட்டுச் சாவி ஒண்ணு எதிர்வீட்டுல, ஒண்ணு பூக்காரம்மாகிட்ட. காலையில எட்டு மணிக்குள்ள அம்மா எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பணும். வரலைன்னா போன் பறக்கும். வலு இருந்தாலும் விழலாம். அதுக்கும் தயாரா இருக்கணும் இல்லையா?

இப்ப நான் சென்னை திரும்பி, ஒம்பது மணி நேர நாற்காலிக்கு வந்துட்டேன். மணிக்கு ஒரு தடவை எழுந்து பத்து உக்கி போடறேன், பக்கத்து சீட்டு டீம் லீட் மேலயும் கீழயுமாப் பாக்கறாரு. அம்மா செவ்வாயும் சனியும் விடாமப் பண்றாங்க. பூக்காரம்மாவும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும் சேந்துக்கிட்டாங்களாம். பெரியப்பா திண்ணையில உக்காந்து ஆட்டுக்கல் வசனம் பேசிக்கிட்டே எண்ணிக்கை சொல்றாராம். அவரு நாற்காலி டெஸ்ட்டுல எவ்வளவு எடுத்தாருன்னு அம்மா சொல்ல மாட்டேங்கறாங்க, "பாவம், விடுடி"ங்கறாங்க.

ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையில எறங்கிக் குளிக்கணுமாம். அடுத்த லிஸ்ட் வந்தாச்சு. ஈரப்படிக்கு என்ன பயிற்சின்னு ஃபிசியோகிட்ட கேட்டிருக்கேன். உங்க வீட்டுப் பெரியவங்க முப்பது செகண்டுல எத்தனைன்னு பாத்தீங்கன்னா எனக்கும் சொல்லுங்க.